20 நிமிஷம் போதாது... 2 ராத்திரி தங்குங்க! - பூம்பாறைக்கு ஒரு நிதானப் பயணம்

கொடைக்கானல் போய்ட்டு வந்த அலுப்பு தீர, வீட்ல ஒருநாள் லீவு போட்டுப் படுத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, சனிக்கிழமை காலைல வத்தலக்குண்டு தாண்டி மலையேறி, வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கத்துல டிராஃபிக்ல நின்னு, மதியம் ரூமுக்குப் போய், சாயங்காலம் ஏரியைச் சுத்தி, மறுநாள் 'ஒரே நாளில் 12 இடங்கள்' வேன்ல ஏறி, ஞாயிறு ராத்திரி திரும்பவும் பஸ். திங்கட்கிழமை ஆபீஸ்ல உட்கார்ந்தப்போ, மலையில் என்ன பார்த்தோம்னு யோசிச்சா முன்னாடி போன வண்டியோட நம்பர் பிளேட்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த 12 இடங்களில் ஒன்று பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து சுமார் 18 கி.மீ தூரம். வேன் வியூ பாயின்ட்டில் நிற்கும். கீழே மலைச்சரிவில் அடுக்கடுக்கா வீடுகள், அதைச் சுத்திப் படிக்கட்டு மாதிரி வயல்கள். நாலு போட்டோ, ஒரு ரீல், ஒரு டீ, கோயிலில் ஒரு கும்பிடு. மொத்தம் 20 நிமிஷம். "அடுத்து மன்னவனூர், ஏறுங்க ஏறுங்க" என்று டிரைவர் குரல் கொடுப்பார். நானும் முதல் தடவை அப்படித்தான் பார்த்தேன். அடுத்த முறை அங்கேயே 2 ராத்திரி தங்கினேன். முதல் தடவை நான் பார்த்தது பூம்பாறையையே இல்லைன்னு அப்போதான் புரிஞ்சது.

காரணம் சிம்பிள். சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் காலை 10 மணிக்கு மேல் வந்து, மாலை 4 மணிக்குள் கிளம்பிவிடுகின்றன. ஊரோட நிஜ வாழ்க்கை அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான் இருக்கு. அதைப் பார்க்க என்ன செய்யணும், எப்படிப் போகணும், எங்கே தங்கணும், என்ன செய்யவே கூடாது என்பதற்கான முழு கைடு இது.

அதென்ன 'ஸ்லோ டிராவல்'?

1986-ல் இத்தாலியின் ரோம் நகரில், புகழ்பெற்ற ஸ்பானிஷ் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்ததை எதிர்த்து ஒரு போராட்டம் நடந்தது. அதை ஒட்டி, கார்லோ பெட்ரினி என்ற பத்திரிகையாளர் முன்னெடுத்ததுதான் 'ஸ்லோ ஃபுட்' இயக்கம். உள்ளூரில் விளைவதை, அதன் பருவத்தில், நிதானமாகச் சமைத்துச் சாப்பிடுவோம் என்றார்கள். அந்த யோசனையே பிறகு ஊர்களுக்கும் பயணத்துக்கும் பரவியது. நிறைய இடங்களை 'டிக்' அடிப்பதைவிட, ஒரே இடத்தில் தங்கி, அந்த ஊர் எந்த நேரத்துக்கு எழுந்து எந்த நேரத்துக்குத் தூங்குதோ அதே கணக்கில் நாமும் இருந்துவிட்டு வருவது. அவ்வளவுதான் ஸ்லோ டிராவல்.

நமக்கு இது புதுசும் இல்லை. சின்ன வயசுல லீவுக்குத் தாத்தா பாட்டி ஊருக்குப் போனோமே, அங்கே எத்தனை 'ஸ்பாட்' பார்த்தோம்? கிணறு, மாட்டுக்கொட்டகை, திண்ணை. ஆனாலும் லீவு முடிஞ்சு கிளம்பும்போது அழுகை வந்ததா இல்லையா?

ஏன் பூம்பாறை?

கொடைக்கானல் நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேல். பூம்பாறை அதைவிடக் கொஞ்சம் தாழ்வான பள்ளத்தாக்குச் சரிவில் இருக்கிறது. கொடைக்கானல் பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்க மிஷனரிகளும் வெயிலுக்குப் பயந்து 19-ம் நூற்றாண்டில் உருவாக்கிய ஊர். பூம்பாறையோ விவசாயத்துக்காகவே இருக்கிற பழைய மலைக்கிராமம். சுற்றுலா வந்தாலும் வராவிட்டாலும் இந்த ஊருக்குச் சொந்தமா ஒரு வேலை இருக்கு. அந்த வேலைக்குப் பெயர், பூண்டு.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என மேல்மலைக் கிராமங்கள்தான் அதன் தாய்வீடு. மே மாதத்தை ஒட்டி ஒரு போகம், நவம்பரை ஒட்டி ஒரு போகம் என வருஷத்துக்கு இரண்டு முறை பயிரிடுகிறார்கள். சமவெளிப் பூண்டைவிட மணமும் காரமும் தூக்கல். நீண்ட நாள் கெடாமல் இருக்கும் என்பது இதன் பெரிய பெருமை. பிரசவமான பெண்களுக்குக் கொடுக்க, தேடிப்பிடித்து இந்தப் பூண்டை வாங்கிப் போகிறவர்கள் இன்றும் உண்டு. இங்கே விளைவது மலையிறங்கி, பெரியகுளம் பக்கத்தில் இருக்கும் வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் போகிறது.

நீங்கள் வியூ பாயின்ட்டிலிருந்து 'வாவ்' சொல்கிற அந்தப் படிக்கட்டு வயல்கள் அழகுக்காக வெட்டியவை இல்லை. சரிவான மலையில் அப்படியே உழுதால், ஒரு பெருமழைக்கு மேல்மண் மொத்தமும் ஓடைக்குப் போய்விடும். அதனால் சரிவைத் துண்டு துண்டாக வெட்டிச் சமமாக்கி, ஓரத்தில் மண்ணோ கல்லோ அணைத்து, தண்ணீர் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு நிதானமா இறங்குகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். இவ்வளவு குறுகலான தட்டில் பெரிய டிராக்டர் திரும்ப முடியாது. பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக் கையால் ஊன்றுவது, களை எடுப்பது, பிடுங்குவது, காயவைத்துக் கட்டுவது எல்லாமே மனுஷங்க வேலைதான். மேல்மலையில் பல இடங்களில் மூட்டைகளை ரோடு வரைக்கும் சுமந்து வருவது குதிரைகள். கொடைக்கானல் ஏரிக்கரையில் நாம் காசு கொடுத்து ஏறும் அதே குதிரை, இங்கே வேலைக்குப் போகிற குதிரை.

பூண்டு போக கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பட்டாணி எல்லாம் உண்டு. எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு தட்டில் ஏதோ ஒரு பச்சை இருக்கும்.

எப்படிப் போகலாம்?

சென்னையிலிருந்து வருபவர்கள் மதுரை போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 80 கி.மீ. வத்தலக்குண்டு வழியாக மலையேற மூன்று மணி நேரம் வரை ஆகும். மதுரை, திண்டுக்கல்லிலிருந்து நேரடிப் பேருந்துகள் உண்டு. கோவை, திருப்பூர்க்காரர்கள் பழநி வழியா வரலாம். பழநி - கொடைக்கானல் சுமார் 65 கி.மீ. வளைவுகள் அதிகம். வாந்தி வரும் என்றால் காலை டிபனை லேசா முடிச்சுக்கோங்க.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து பூம்பாறைக்கும், அதைத் தாண்டி மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலை ஊர்களுக்கும் பேருந்துகள் போகின்றன. எண்ணிக்கை குறைவு என்பதால் முதல் பஸ், கடைசி பஸ் நேரத்தை முதல்லயே விசாரிச்சு வைங்க. ஊருக்குள் போகுமா, பிரிவிலேயே இறக்கிவிடுமா என்பதையும் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்க.

பஸ்ஸில் போவதில் இன்னொரு வசதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வாகனத்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடை சீசனில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாள்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என உச்சவரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கார், பைக் என்றால் கிளம்புவதற்கு முன் அரசின் இ-பாஸ் இணையதளத்தில் அப்போதைய விதியைப் பார்த்துவிட்டு இலவசமாகவே பாஸ் எடுத்துக்கொள்ளலாம். 'நான் எடுத்துத் தர்றேன்' என்று காசு கேட்பவர்களிடம் ஏமாறாதீங்க.

எப்போது போகலாம்?

ஏப்ரல், மே: சீசன். கொடைக்கானலைக் கடந்து வருவதற்கே பாதி நாள் போய்விடும். நிதானம் தேடுகிறவர்களுக்கு இது நேரமே இல்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: காத்து, பனிமூட்டம், விட்டு விட்டுச் சாரல். கூட்டம் குறைவு. ஜன்னலோரம் போர்வையோடு உட்கார்ந்து புத்தகம் படிக்கிற ஆள்களுக்கு ஏற்றது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழை. மலை பச்சைப் பசேலென்று இருக்கும். ஆனால், கனமழை எச்சரிக்கை வந்தால் டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளி வைங்க. மண்சரிவில் சாலை அடைபட்டால் வெளியே வர முடியாது.

ஜனவரி முதல் மார்ச் வரை: பகலில் இதமான வெயில், ராத்திரியில் நடுங்கவைக்கும் குளிர். ஜனவரியில் புல்வெளிகளில் உறைபனிகூடப் படியும். வானம் தெளிவா இருக்கும் ராத்திரிகளில் மொபைலை வைத்துவிட்டு வெளியே வந்து மேலே பாருங்க.

கிழமையும் முக்கியம். முடிந்தால் ஞாயிறு மதியம் போய்ச் சேருங்க. எல்லாரும் இறங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஏறுவீங்க. திங்கள் முழுக்க அங்கே. செவ்வாய் காலை கிளம்பலாம். ரெண்டு நாள் லீவு செலவாகும். அதுக்கு வொர்த்!

எங்கே தங்குவது?

பூம்பாறையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஹோம்ஸ்டே, காட்டேஜ் என நிறைய முளைத்திருக்கின்றன. இங்கேதான் கொஞ்சம் உஷாரா இருக்கணும். கொடைக்கானலில் அனுமதி இல்லாமல் கட்டிய, விதிமீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைக்கப்பட்ட வரலாறு உண்டு. மலைப்பகுதியில் கட்டடம் கட்டத் தனி விதிகள் இருக்கின்றன. அட்வான்ஸ் போடுவதற்கு முன் போனில் இந்தக் கேள்விகளைக் கேளுங்க.

1. சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறீர்களா?

2. நீங்கள் அதே வீட்டில் குடியிருக்கிறீர்களா, இல்லை கேர்டேக்கர் மட்டும்தானா? (குடும்பம் இருக்கும் வீடு கிடைத்தால் அதுதான் முதல் சாய்ஸ். காசு ஊருக்குள்ளேயே நிற்கும்.)

3. சாப்பாடு வீட்டிலேயே கிடைக்குமா? எத்தனை மணிக்குச் சொல்லணும்?

4. வெந்நீர் எப்படி? ஹீட்டரா, விறகு அடுப்பா?

5. கடைசி அரை கிலோ மீட்டர் வண்டி வருமா, நடக்கணுமா?

6. குப்பையை என்ன செய்றீங்க?

ஆறாவது கேள்விக்கு நேர்மையான பதில் வந்தால் நம்பிப் போகலாம்.

'கேம்ப் ஃபயர் உண்டு, டி.ஜே உண்டு' என்று விளம்பரம் செய்யும் இடங்களைத் தவிர்த்துவிடுங்க. பள்ளத்தாக்கில் ஸ்பீக்கர் போட்டால் எதிர்மலை வரைக்கும் கேட்கும். விடிகாலையில் எழுந்து வயலுக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கோடைக்காலத்தில் இந்த மலைக்காடுகள் தீப்பிடிப்பது அடிக்கடி நடக்கும் சோகம். காய்ந்த புல்வெளிக்கு ஒரு பொறி போதும். காட்டுக்குள் டென்ட் அடிக்கக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கேஸ் உங்கள் பெயரில்தான் வரும்.

அங்கே போய் என்ன செய்வது?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. பதில்: பெருசா ஒண்ணும் இல்லை. ஆனால், நாள் எப்படிப் போச்சுன்னே தெரியாது.

காலை 6 மணி: எழுந்ததும் ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு ஊருக்குள்ள நடங்க. பனிமூட்டத்தில் எதிர்வீடு தெரியாது. கொஞ்ச நேரத்தில் மேல்தட்டு வயல் மட்டும் தெரியும். அப்புறம் கீழ்த்தட்டு, அப்புறம் கோயில். டீக்கடையில் பெரியவர்கள் கம்பளியோடு உட்கார்ந்திருப்பார்கள். "எந்த ஊரு தம்பி?" என்று பேச்சை அவர்களே ஆரம்பிப்பார்கள். பூண்டு விலை, மழை, காட்டுமாடு என்று பேச்சு போகும். நீங்கள் பேசுவதைக் குறைத்துக் கேட்பதை அதிகமாக்கினால், ஒரு டீயில் பாதி ஊர் தெரிஞ்சிடும்.

காலை 9 மணி: வேன்கள் வருவதற்கு முன்னாடி குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போய்டுங்க. பழநி முருகன் சிலை நவபாஷாணத்தால் ஆனது என்பார்கள் இல்லையா? இங்கிருக்கும் மூலவர், போகர் தசபாஷாணத்தால் செய்தது என்பது ஐதீகம். 'குழந்தை' வேலப்பர் என்ற பெயருக்கும் ஒரு கதை சொல்கிறார்கள். அருணகிரிநாதர் இந்தக் கோயிலில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவரைக் கொல்ல ஓர் அரக்கி வந்தாளாம். முருகன் குழந்தை வடிவில் அவர் பக்கத்தில் இருக்க, தாயும் பிள்ளையும் தூங்குவதாக நினைத்து அரக்கி விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். கூட்டமில்லாத நேரத்தில் போனால், இந்தக் கதையைக் கோயில் வாசலில் யாராவது ஒரு பெரியவர் இன்னும் சுவாரஸ்யமாகச் சொல்வார்.

காலை 10.30 முதல் மாலை 4 வரை: வண்டிகள் வரும் நேரம். நீங்கள் ஒதுங்கிக்கொள்ளும் நேரம். தூங்கலாம். படிக்கலாம். வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் பூண்டு காயவைக்கிற, தரம் பிரிக்கிற வேலையில் கூட உட்காரலாம். 'எக்ஸ்பீரியன்ஸ்' என்று நினைத்துக் குறுக்கே நிற்காமல், சொன்ன வேலையைச் செய்யுங்க. அரை மணி நேரத்தில் விரலில் ஏறும் வாசனை, பஸ் ஏறி ஊருக்கு வந்த பிறகும் போகாது.

மாலை 4.30 மணி: வயலிலிருந்து ஆள்கள் திரும்பும் நேரம். ஊர்ப் பாதையிலேயே நடங்க. இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்க. இந்த மலையில் காட்டுமாடு (காட்டெருமை) ஊருக்குள்ளும் வரும். பார்க்க சாதுவாகத் தெரியும், ஆனால் மிரண்டால் ஆபத்து. செல்ஃபி எடுக்கக் கிட்டே போகாதீங்க. எதிரில் வந்தால் சத்தம் போடாமல் பின்வாங்கி, வழியை அதுக்கு விட்டுவிடுங்க.

ராத்திரி 8 மணி: சாப்பாடு. முன்கூட்டியே சொல்லிவைத்தால், மலைப்பூண்டு போட்ட ரசமோ, பூண்டுக்குழம்போ கிடைக்கும். சூடான சோறு, வெளியே குளிர், உள்ளே அந்தக் காரம். இதுக்கு மேல வர்ணிக்க மாட்டேன்.

இரண்டாவது நாள் கால் சும்மா இருக்காது என்றால், பஸ் பிடித்து மன்னவனூர் போகலாம். கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கி.மீ. அங்கே மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. குளிர்ப் பிரதேசத்துக்கு ஏற்ற, ரோமத்துக்கான பாரத் மெரினோ ஆடுகளை இங்கே பார்க்கலாம். பக்கத்திலேயே வனத்துறை பராமரிக்கும் ஏரி, பரந்த புல்வெளி. ஒரே ஓர் இடம் போதும். மதியம் திரும்பிவிடுங்க.

நான் செய்த தப்பு

முதல் தடவை வந்தபோது, நல்ல ஃபிரேம் கிடைக்கும் என்று ரோட்டிலிருந்து ஒரு வயல் தட்டில் குதித்து இறங்கினேன். வெறும் மண் என்றுதான் நினைத்தேன். மேல்தட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து, "தம்பி, அது ஊனுன பாத்தி. ஏறி வாங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தினம் பத்துப் பேரிடம் சொல்லிச் சலித்த குரல். நான் நின்ற இடத்தில் என் ஷூ தடத்துக்குக் கீழே எத்தனை பூண்டுப்பல் இருந்ததோ தெரியாது. 'சாரி' சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டேன். ரீல் நன்றாகத்தான் வந்தது. அழித்துவிட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் 'அமைதியான ஊர்' என்று தேடிப்போகும் இடங்களின் அமைதியை முதலில் கெடுப்பது நாம்தான். 20 நிமிஷ ஸ்டாப்பால் ஊருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரோட்டை அடைத்து நிற்கும் வண்டியும், வீசிவிட்டுப் போகும் கவரும்தான். பூண்டு விலை சரிந்து, நிலத்துக்குக் காட்டேஜ்காரர்கள் நல்ல விலை தருகிறார்கள் என்ற நிலை வந்தால், ஒரு விவசாயி எதைத் தேர்ந்தெடுப்பார்? அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால், படிக்கட்டு வயல்கள் ஒவ்வொன்றாகக் கட்டடமாக மாறினால் நாளைக்கு வியூ பாயின்ட்டில் பார்க்க வியூவே இருக்காது. அதனால் நம்முடைய காசு எங்கே போகிறது என்பதில் கொஞ்சம் கவனமா இருக்கலாம். ஊர்க்காரர் வீட்டில் தங்குவது, ஊர்க் கடையில் சாப்பிடுவது, விளைவித்தவரிடமே பூண்டு வாங்குவது. நம்மால் முடிந்தது இவ்வளவு.

கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியவை

* வயலுக்குள் இறங்கும் முன் அனுமதி கேளுங்க. ஆள் இல்லையென்றால் இறங்காதீங்க.

* வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீங்க. ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

* 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை உண்டு. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஸ்டீல் பாட்டில் எடுத்துப்போங்க.

* சிப்ஸ் கவர், நாப்கின், டயப்பர் எதையும் அங்கே விட்டுவராதீங்க. ஒரு துணிப்பையில் போட்டுத் திரும்ப எடுத்துவாங்க.

* மேல்மலைப் பக்கம் போதைக் காளான் தேடி வரும் இளைஞர்கள் கைதாவது செய்திகளில் அடிக்கடி வருகிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பாயும். வேலை, பாஸ்போர்ட், வீட்டு நிம்மதி எல்லாம் சேர்ந்து போகும். யாராவது 'வேணுமா ப்ரோ?' என்றால் நடையைக் கட்டுங்க.

பையில் என்ன இருக்கணும்?

ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், கிரிப் உள்ள ஷூ, ரெயின்கோட் (காத்துக்குக் குடை நிற்காது), டார்ச், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். மழைக்காலம் என்றால் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் கொடைக்கானல்தான் போகணும் என்பதால், ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலரை மறக்க வேண்டாம்.

மொபைல் நெட்வொர்க் வரும், போகும். ஜிபே-யை நம்பி இறங்காமல், கொடைக்கானலிலேயே தேவையான பணத்தை எடுத்துக்கொள்ளுங்க. வீட்டுக்கு 'சிக்னல் இருக்காது, பயப்படாதீங்க' என்று முதல்லயே சொல்லிடுங்க. ஆபீஸுக்கும்தான்!

பூண்டு வாங்கப் போறீங்களா?

சமவெளியில் 'மலைப்பூண்டு' என்ற பெயரில் விற்பதெல்லாம் கொடைக்கானல் மலையில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஊரிலேயே வாங்கினால் அந்தக் குழப்பம் இல்லை. வாங்கும்போது, "இது காய்ஞ்ச பூண்டா, இப்போ பிடுங்கினதா?" என்று கேளுங்க. ஈரம் இருப்பதைப் பையில் அடைத்துவைத்தால் முளைவிடும், அழுகும். தாளோடு கட்டாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்க. ஃபிரிட்ஜுக்குள் வைக்காதீங்க. விலை கூடுதலாகத் தெரிந்தால் பேரம் பேசுவதற்கு முன், அந்தப் படிக்கட்டு வயல்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கோங்க.

ஒரு தடவை போதுமா?

பழநி மலைத்தொடரில் நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். 2018-ல் பூத்தது. அடுத்து 2030. அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும், நாமும் போவோம். ஆனால், பூ எதுவும் பூக்காத ஒரு சாதாரண திங்கட்கிழமையில் பூம்பாறைக்குப் போவதற்கு யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள். நான் தங்கிய வீட்டை விட்டுக் கிளம்பும்போது வீட்டுக்காரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அடுத்த போகத்துக்கு வருவீங்களா?" தேதி சொல்லாமல், மாசம் சொல்லாமல், பூண்டுக் கணக்கில் ஓர் அழைப்பு. வர்றேன்னு சொல்லியிருக்கேன். போகும்போது பஸ்லதான் போவேன். நீங்களும் அந்தப் பக்கம் வந்தா, பாத்தியில மட்டும் கால் வெச்சுடாதீங்க!